சொந்தக் கொழுப்பு என்றால் சீழ் பிடிக்காதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அழகுப் பக்கத்தில் கொழுப்பு மாற்று சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வயிற்றிலோ தொடையிலோ இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, ஒட்டிப்போன கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் வைக்கிற முறையைப் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஆனால் "நம் சொந்தக் கொழுப்பு என்பதால் பக்க விளைவுக்கு இடமே இல்லை" என்று ஒரு வரி வந்தது. அதை நீங்கள் திருத்திப் போட வேண்டும். ஈரோட்டிலும் கோவையிலும் ஆபரேஷன் தியேட்டர் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

சொந்தக் கொழுப்பை உடம்பு வேண்டாம் என்று தள்ளாது. அது உண்மைதான். அடுத்தவர் சிறுநீரகத்தை வைத்தால் வருகிற நிராகரிப்பு இதில் வராது. ஆனால் கிருமி வருவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உறிஞ்சி எடுத்த கொழுப்புக்கு ரத்த ஓட்டம் அறுந்து போகிறது. புது இடத்தில் ரத்தக் குழாய் முளைக்கும் வரை, பக்கத்துத் திசுவிலிருந்து ஊறி வருவதைக் கொண்டுதான் அது பிழைக்க வேண்டும், வேர் பிடிக்காத நாற்று மாதிரி. கொஞ்சம் பிழைக்கும், கொஞ்சம் செத்துக் கரையும். ஒரே இடத்தில் நிறையத் திணித்தால் நடுவில் இருப்பது மொத்தமாகச் சாகும். ரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளணுவும் சரியாகப் போய்ச் சேராது, நாம் விழுங்குகிற ஆன்டிபயாட்டிக்கும் சேராது. அங்கே ஒரு கிருமி போய்விட்டால் அதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

கிருமி எப்படிப் போகும்? கொழுப்பை உறிஞ்சும் கேனுலா என்பது நீளமான, ஒல்லியான, உள்ளே ஓட்டையான குழாய். அதன் உட்புறத்தில் கொழுப்பும் ரத்தமும் ஒட்டிக் காய்ந்துவிடும். உடனே பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் ஆட்டோகிளேவில் வைத்தால், 121 டிகிரி நீராவிகூட அந்தப் படலத்தைத் தாண்டி ஒழுங்காக உள்ளே இறங்காது. தியேட்டரில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சில சின்ன இடங்களில் ஆட்டோகிளேவுக்கு நேரமில்லை என்று குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். முழுசாகக் கிருமி நீங்க அதில் 10 மணி நேரம் கிடக்க வேண்டும். அடுத்தடுத்து கேஸ் இருக்கும்போது யார் அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? அப்புறம் அதை ஸ்டெரைல் தண்ணீரில் அலசாமல் குழாயைத் திறந்து அலசினால், அதுவரை செய்தது எல்லாம் வீண்.

ஏனென்றால் குழாய்த் தண்ணீரில் ஒரு வகைக் கிருமிக் கூட்டம் இருக்கிறது. காசநோய்க் கிருமியின் குடும்பம்தான், ஆனால் காசநோய் தருவதில்லை. மைக்கோபாக்டீரியம் அப்சஸஸ், கெலோனே, ஃபார்ச்சூட்டம் என்று பல பெயர். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும், குழாயின் உள்பக்கத்தில் படலமாக ஒட்டிக்கொள்ளும், குளோரினுக்கும் எளிதில் சாகாது. சிறுவாணித் தண்ணீர் என்றாலும் பவானித் தண்ணீர் என்றாலும் போர் தண்ணீர் என்றாலும் இதில் வித்தியாசம் இல்லை. நல்ல உடம்புக்கு அதைக் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. ஊசி வழியாகத் தோலுக்கு அடியில் போனால்தான் வினை. லேப்ராஸ்கோப்பி செய்த துளையில் மாதக்கணக்கில் சீழ் வடிந்த நோயாளிகளை நம் ஊர் அறுவை மருத்துவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் இதே கிருமிதான். 2003, 2004 ஆண்டுகளில் டொமினிக்கன் குடியரசுக்குப் போய் மலிவாகக் கொழுப்பு உறிஞ்சியும் வயிற்றைச் சுருக்கியும் வந்த அமெரிக்கப் பெண்கள் சிலருக்கு வரிசையாக அப்சஸஸ் வந்தது. பத்து வருடம் கழித்து அதே நாட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு மறுபடியும் வந்தது.

இதன் குணம், உடனே காட்டாது. சாதாரணக் கிருமி என்றால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், சிவப்பு, தாங்க முடியாத வலி என்று தெரிந்துவிடும். அதுவும் ஆபத்துதான், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இது அப்படியில்லை. தையல் ஆறி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது, சில வாரம், சில சமயம் சில மாதம் கழித்து ஊதா நிறத்தில் ஒரு கட்டி எழும். காய்ச்சல்கூட இருக்காது.

என் அண்ணன் மகளுக்கு அப்படித்தான் வந்தது. கோபி பக்கம் வீடு, திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "கன்னம் ஒட்டிக் கெடக்குது" என்று சொல்லிச் சொல்லியே அவளைக் குறுக வைத்துவிட்டார்கள். கிளினிக்கில் கொழுப்பு வைத்துக்கொண்டாள். அவள் ஆசைப்பட்டதில் எந்தத் தப்பும் இல்லை. ஐந்தாவது வாரம் வலது கன்னத்தில் ஒரு கட்டி, கேனுலா விட்ட அடிவயிற்றில் இன்னொன்று. கிளினிக்கில் "உங்க உடம்பு ஏத்துக்கலை" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் சூட்டுக்கட்டி என்று மஞ்சள் பற்றுப் போட்டார்கள். "அத்தை, என்ற உடம்பே சரியில்லீங்களா?" என்று அவள் என்னிடம் போனில் கேட்டாள். அந்தக் கேள்வியை இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எடுத்ததும் அவள் கொழுப்பு, வைத்ததும் அவள் உடம்பில். இதில் ஏற்றுக்கொள்ளாமல் போக என்ன இருக்கிறது? வெளியிலிருந்து போன கிருமிக்கு அந்தப் பிள்ளையின் உடம்பைக் குற்றம் சொன்னார்கள்.

அதற்குப் பிறகும் நேர்வழி கிடைக்கவில்லை. சீழை சாதாரண கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினால் இரண்டு நாளில் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும், கிருமி வளர்க்கும் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்தக் கிருமி முளைக்க ஒரு வாரம்கூட ஆகும். கட்டியில் சதை எடுத்து பயாப்ஸி செய்தால் காசநோய் மாதிரியே தெரியும், டிபி மாத்திரையை ஆரம்பித்துவிடுவார்கள். வழக்கமான டிபி மருந்துகளில் பெரும்பாலானவை இதை ஒன்றும் செய்யாது. இவளுக்கும் சாயம் ஏற்றிப் பார்த்ததில் காசநோய்க் குடும்பத்துக் கிருமி தெரிந்தது, ஆனால் டிபிக்கு எடுத்த சிபிநாட் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தது. அந்த முரண்பாட்டைக் கவனித்த கோவை நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவர் தட்டை எறியாமல் வைத்திருந்ததால்தான் அப்சஸஸ் என்று பெயர் கிடைத்தது. கட்டியைக் கீறிச் செத்த கொழுப்பை எடுத்து, அமிகாசின் ஊசியும் க்ளாரித்ரோமைசினும் இன்னும் சிலவும் மாதக்கணக்கில். அமிகாசின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் இடையிடையே அதற்கும் பரிசோதனை. குணமாகிவிட்டாள். கன்னத்தில் தழும்பு இருக்கிறது.

இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து மறைக்காதீர்கள். சொந்தபந்தத்துக்குச் சொல்ல வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். கொழுப்பு வைத்த விஷயம் தெரியாவிட்டால் அவர் அதைச் சாதாரணக் கொப்புளமாகத்தான் பார்ப்பார். இருக்கிற ஆன்டிபயாட்டிக்கை எல்லாம் மாற்றி மாற்றி விழுங்குவதற்கு முன் சீழை ஊசியில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். சதை எடுத்தால் மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது, அதில் கிருமி செத்துவிடும், அப்புறம் கல்ச்சர் கிடையாது. ஒரு துண்டு ஸ்டெரைல் சலைனில் போக வேண்டும். 'மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் வேண்டும்' என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மில்லிலும் விசைத்தறியிலும் கை சிக்கியவர்களுக்குக் கையை ஒட்டவைத்துக் கொடுக்கிற பிளாஸ்டிக் சர்ஜன்கள் கோவையில் இருக்கிறார்கள். எம்.சிஎச். என்ற அறுவை சிகிச்சை மேல்படிப்பு படித்த அப்படி ஒருவரிடம், முறையான தியேட்டரில் இதைச் செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அழகு நிலையத்துக்கு மாடியில் ஒரு அறையில் செய்வதைத்தான் சொல்கிறேன். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர்கள் இப்படிப்பட்ட கிளினிக்குகளுக்குப் போகும்போது பதிவுச் சான்றோடு நின்றுவிடாமல், கேனுலாவை எங்கே கழுவுகிறார்கள், எந்தத் தண்ணீரில் அலசுகிறார்கள், ஆட்டோகிளேவ் பதிவேடு எங்கே என்று கேட்க வேண்டும். உங்கள் பத்திரிகை வழியாக அவர்களுக்கு இதை வைக்கிறேன்.

அண்ணன் மகளை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
ஈரோடு