அந்த இரவுப் பணி நர்ஸ் அக்காவுக்கு

அம்மா வழுக்கி விழுந்ததைச் சுளுக்கு என்றே நினைத்து மூன்று மாதம் விட்டுவிட்டோம். கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிய பிறகுதான் தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய பகுதி, முறிந்தது தெரிந்தது. முறிந்த முனைகள் தேய்ந்துவிட்டதால் திருகாணி போட்டுச் சேர்க்க வழியில்லை, செயற்கை மூட்டு வைத்தார்கள்.

அன்று இரவு யாரும் சொல்லாமலே வந்தீர்கள். துண்டை மடித்துக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து, குதிகால் மெத்தையில் உரசாமல் பார்த்துக்கொண்டீர்கள். கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, "கால் மேல கால் போடாதீங்கம்மா, மூட்டு விலகிடும்" என்று எத்தனை முறை பொறுமையாகச் சொன்னீர்கள்! காலையில் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், அம்மாவை வாக்கர் பிடித்து நிற்க வைத்தீர்கள். மூன்றே அடி. அம்மா அழுதுவிட்டார்.

உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை அக்கா. ரொம்ப நன்றி. அம்மா இப்போது தானே எழுந்து குளியலறைக்குப் போய் வருகிறார்.