எஞ்சினைக் கழற்ற முன் டாங்கி மூடியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

மாங்குளம் - முல்லைத்தீவு ஏ-34 வீதியில் காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள பழைய மோட்டார் சைக்கிள் பத்து நிமிடம் ஓடியதும் இழுவை குறைந்து திணறினால், எஞ்சினைக் கழற்றிப் பிஸ்டனும் றிங்கும் மாற்றிவிடுகிறார்கள். ஏழைச் சனத்துக்கு வீண் செலவு. பெற்றோல் வரும் வழியை முதலில் பாருங்கள்.

சோக்கை, அதாவது காபரேற்றருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் பிடியை, சற்று இழுத்ததும் இழுவை கூடினால் பெற்றோல் போதவில்லை, பிளக்கும் வெளிறியிருக்கும். எஞ்சின் ஆறிய பின், காபரேற்றரில் பெற்றோல் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விடுங்கள். சீராக ஓடவேண்டும். வரவரச் சொட்டாகி, டாங்கி மூடியைத் திறந்ததும் பாய்ந்தால், மூடியின் காற்றுத் துளையைச் செம்மண் தூசி அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெற்றோல் இறங்காது. திறந்தும் பாயாவிட்டால் டாங்கியின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் திருகிக்குள் இருக்கும் வலையைக் கழுவுங்கள்.

காபரேற்றர் கிண்ணத்தின் அடியாணியைத் தளர்த்தினால் துருத்தூளும் அடியில் உருளும் தண்ணீர் மணிகளும் தெரியும். பெற்றோலை அளந்து விடும் சிறு துளையுள்ள மெயின் ஜெற்றைக் கம்பியால் குத்தவே கூடாது. துளை மயிரிழை பெருத்தாலும் பெற்றோல் கூடிப் பிளக் கரிபிடிக்கும், காற்றடித்தால் போதும்.

மாரியில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் டாங்கியை நிரப்பி வையுங்கள். வெறும் டாங்கிக்குள்தான் ஈரம் கோர்த்துத் துருப்பிடிக்கும்.

வாசகர்,
ஒட்டுசுட்டான்.