லைப்ரரி புரோகிராமை நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பிதழில் வரும் சி மொழித் தொடரை விடாமல் படித்து வருகிறேன். மெமரி விலாசத்தை வைத்திருக்கும் பாயின்டரை இவ்வளவு தெளிவாகத் தமிழில் சொல்லிக்கொடுப்பது சாதாரண வேலை இல்லை. ஆனால் மெமரி ஒதுக்கீடு பற்றிச் சென்ற வாரம் வந்த பகுதியைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த மாதிரி புரோகிராமில், பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கும் ஃபங்ஷன் இருக்கிறது. மெமரியில் இடம் கேட்டு வாங்கும் மாலாக் (malloc), இடம் இல்லை என்பதற்கான நல் (NULL) பாயின்டரைத் திருப்பினால் "மெமரி இல்லை" என்று அச்சிட்டுவிட்டு புரோகிராமையே முடித்துவிடும் எக்ஸிட்டை (exit) அழைத்துவிடுகிறது. இது புரோகிராம் தொடங்கும் மெயினுக்குள் (main) நடந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அதே ஃபங்ஷனைத் தனி ஃபைலில் போட்டு, மற்றப் புரோகிராம்கள் அழைக்கும் லைப்ரரியாக எங்கும் பயன்படுத்தலாம் என்கிறது கட்டுரை. அதைத்தான் ஏற்க முடியவில்லை. சமையலுக்கு வந்தவர் அரிசி தீர்ந்துவிட்டால் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது.

நான் ஈரோட்டில் சிறு கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். பால் கூட்டுறவு சங்கங்களில் எடை, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்) எல்லாம் பதிந்து சீட்டு அச்சிடும் கருவி ஒன்று பழுது பார்க்க வந்தது. காலைப் பால் எடுத்து முடிந்ததும் மொத்தப் பட்டியல் கேட்டால் திரை உறைந்து நிற்கும். உறைந்து நிற்பதைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் டைமர், சற்று நேரத்தில் கருவியை மறுபடி தொடங்கிவிடும். பட்டியல் தயாரிக்கும் லைப்ரரி வெளியிலிருந்து வாங்கியது. அது பெரிய இடம் ஒன்றைக் கேட்கிறது. மொத்தமாகப் பார்த்தால் ரேமில் இடம் இருந்தது, ஒரே துண்டாக இல்லை. மாலாக் தோற்றது, லைப்ரரி எக்ஸிட்டை அழைத்தது. மெமரி கார்டில் எழுதாமல் ரேமில் நின்ற கடைசிச் சில பதிவுகள் அதோடு போயின. லைப்ரரி "இடம் கிடைக்கவில்லை" என்று மட்டும் திருப்பியிருந்தால், மேலே உள்ள புரோகிராம் பதிவுகளை எழுதிவிட்டு, பட்டியலைப் பகுதி பகுதியாக அச்சிட்டிருக்கும். எதை விடலாம், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அழைத்தவருக்குத்தான் தெரியும்.

லினக்ஸில் மாலாக் தோற்பதே இல்லை, பிறகு ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கமான அமைப்பில் லினக்ஸ் தன்னிடம் உள்ளதைவிட அதிக மெமரி தருவதாக வாக்குக் கொடுக்கிறது, பற்றாக்குறை வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு புரோகிராமைக் கொன்று சமாளிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இப்படி அதிகமாக வாக்குக் கொடுப்பதைத் தடுக்க ஓவர்கமிட் (overcommit) அமைப்பை 2 என்று வைத்த சர்வரில் மாலாக் நல் தரும். ஒரு புரோகிராமுக்கான மெமரிக்கு யூலிமிட்டில் (ulimit) எல்லை வைத்தாலும் தரும். 20 கேபி ரேம் மட்டுமே உள்ள எஸ்டிஎம்32 சிப்பில் இது அன்றாட விஷயம். லைப்ரரி எழுதுபவருக்குத் தன் கோடு (code) எங்கே ஓடப்போகிறது என்று தெரியாது.

இன்னொரு பிழையும் அதே பக்கத்தில் இருக்கிறது. வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக் (realloc) தரும் விலாசத்தை நேராகப் பழைய பாயின்டரிலேயே போட்டிருக்கிறார்கள். ரீஅலாக் தோற்றால் பழைய இடம் அப்படியே உயிரோடு இருக்கும்; ஆனால் அதன் விலாசத்தின் மேல் நல்லை எழுதிவிட்டோம். தரவும் கைவிட்டுப் போகிறது, இடத்தை ஃப்ரீ (free) செய்து திருப்பித் தரவும் வழியில்லை. தனி பாயின்டரில் வாங்கி, நல் இல்லை என்று பார்த்தபின் மாற்றினால் போதும். கேட்கும் அளவையும் கவனிக்க வேண்டும். 32 பிட் கணினியில் 65,536-ஐ 65,536-ஆல் பெருக்கினால் 4,294,967,296 வராது, அது 32 பிட்டில் அடங்காததால் பூஜ்யம்தான் வரும். படத்தின் அகலம், உயரத்தை ஃபைலிலிருந்து படித்துப் பெருக்கி மாலாக்கிடம் கொடுக்கும் லைப்ரரி இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது: ஒதுக்கீடு வெற்றி, எழுதுவது எல்லை தாண்டி. பெருக்கலை, எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கும் காலாக்கிடம் (calloc) விட்டால் அது சோதித்துக்கொள்ளும்.

பெயரைச் சேர்க்கும் ஃபங்ஷனை எப்படி எழுதலாம்? தேவையான இடங்களை முதலில் எல்லாம் வாங்கிவிட வேண்டும்: பட்டியலின் ஒரு கண்ணியான நோடுக்கு (node) ஒன்று, பெயரின் நகலுக்கு ஒன்று. இரண்டும் கைக்கு வந்தபிறகே பட்டியலைத் தொட வேண்டும். இரண்டாவது தோற்றால் முதலாவதை ஃப்ரீ செய்துவிட்டுப் பிழை எண்ணைத் திருப்ப வேண்டும். பட்டியல் அழைப்புக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். இடங்கள் கூடினால், நேராக வேறு வரிக்குத் தாவும் கோட்டு (goto) போட்டு ஒரே இடத்தில் தலைகீழ் வரிசையில் விடுவிக்கலாம். கோட்டு என்றாலே பாவம் என்று நம் கல்லூரிகளில் சொல்லி வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னலில் இந்த வேலைக்கு அதுதான் வழக்கம்.

தோற்றவுடன் நிறுத்துவது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஜிலிப் (GLib) என்ற சி லைப்ரரி தெரிந்தேதான் அப்படிச் செய்கிறது. ஜி_மாலாக் தோற்றால் புரோகிராம் முடிந்துவிடும். ஆனால் நல் வேண்டும் என்பவருக்கு ஜி_ட்ரை_மாலாக் என்று தனி வழியும் வைத்திருக்கிறார்கள்.

எழுதிய கோடு சரிதானா என்று பார்ப்பதையும் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தோல்விப் பாதை சாதாரணமாக ஓடவே ஓடாது, அதனால்தான் அதில் பிழைகள் ஒளிந்திருக்கின்றன. எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள லைப்ரரியின் குழு வேண்டுமென்றே மாலாக்கைத் தோற்கடித்துப் பார்க்கிறது. முதல் முறை முதல் ஒதுக்கீடு தோற்கும், அடுத்து இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. வேலை தடங்கலின்றி முடியும்வரை இப்படியே ஓடும். ஒருமுறை மட்டும் தோற்பதையும், தோற்றபின் கிடைக்காமலே போவதையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இணையத்தில் தரவு அனுப்பிப் பெறும் கர்ல் (curl) லைப்ரரிக்கும் இதுபோன்ற சோதனை உண்டு. மாணவர்கள் இதைச் செய்வது கடினமே இல்லை. மாலாக்கைச் சுற்றி ஒரு கவுண்டர் வைத்த சிறு ஃபங்ஷன் எழுதி, மெமரிப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்டின் (Valgrind) கீழ் ஓட்டினால் மெமரி எங்கே கசிகிறது என்று அது காட்டிவிடும்.

அடுத்த வார இதழில் அதே ஃபங்ஷனைப் பிழை எண் திருப்பும்படி மாற்றி, மெயினிலிருந்து அதைச் சோதிக்கும் வரிகளோடு வெளியிட வேண்டுகிறேன். படித்தவர்கள் பழைய மாதிரியைத் தங்கள் பிராஜெக்ட்டில் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், அதனால் திருத்தம் என்று தலைப்பிட்டே போடுங்கள்.

இப்படிக்கு,
கருவி மென்பொருள் எழுதும் வாசகர்,
ஈரோடு