சித்திக்கு, வாயில் நுழையாத ஊரிலிருந்து

அன்புள்ள சித்தி,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உங்கள் பெண் பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதனால் வாயை மூடிக்கொண்டேன். "மியூனிக்கில் சீட் கிடைத்திருக்கு, அதை விட்டுட்டு பேரே வாயில் நுழையாத ஊருக்குப் போறேங்கறா, அங்கே அப்படி என்னதான் இருக்கு?" என்றீர்கள். இன்னும் நாலு வீட்டில் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கெம்னிட்ஸ், சித்தி. கெமிஸ்ட்ரி இல்லை. ஜெர்மனியின் கிழக்குப் பக்கம், சாக்சனி மாநிலத்து ஊர்.

முதலில் காசு. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மொத்தமாக எடுக்கமுடியாத பேங்க் கணக்கு) 11,904 யூரோ கட்டச் சொன்னார்கள் இல்லையா, அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். மியூனிக்கில் ஓர் அறைக்கே எழுநூறு, எண்ணூறு கேட்கிறார்கள். இங்கே சோனன்பெர்க் என்ற பகுதியில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் என் பங்கு, ஹீட்டிங்கோடு சேர்த்து, 240. மிச்சக் காசை விடுங்கள், மிச்ச நேரத்தைச் சொல்கிறேன். மியூனிக்கில் படிக்கும் என் கிளாஸ்மேட் வாடகைக்காக வாரத்தில் மூன்று ராத்திரி ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறாள். எனக்கு அந்த மூன்று ராத்திரியும் தூக்கம்.

சரி, ஊர். 1930 வாக்கில் மூன்றரை லட்சம் பேர் இருந்த ஊர், இப்போது இரண்டரை லட்சம்கூட முழுசாகத் தேறுமா என்பது சந்தேகம். 1945-இல் குண்டு போட்டு நடு ஊரைத் தரைமட்டமாக்கினார்கள், அப்புறம் வந்த கம்யூனிஸ்ட் அரசு 1953-இல் பெயரையே கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று மாற்றியது, 1990-இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டுப் பழைய பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மார்க்ஸ் இந்த ஊரில் ஒருநாள்கூடக் குடியிருந்ததில்லை, ஆனால் அவருடைய தலை மட்டும் இங்கேதான் இருக்கிறது. 7 மீட்டர் உயரம், 40 டன் வெண்கலம், உடம்பு கிடையாது. இந்த ஊர்க்காரர்கள் அதை 'நிஷல்' என்கிறார்கள். அவர்கள் பேச்சில் அதற்கு அர்த்தம் மண்டை. "சாயங்காலம் மண்டைகிட்ட வந்துடு" என்றுதான் நாங்களும் பேசிக்கொள்கிறோம்.

உங்களுக்குப் பிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்போம் இல்லையா, இந்த ஊருக்கு சாக்சனி மான்செஸ்டர் என்று பெயர். பஞ்சு, நூல், தறி மெஷின், ரயில் எஞ்சின் என்று எல்லாம் செய்த ஊர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூற்பாலை ஒன்று இருக்கிறது, 2020 முதல் அதுதான் எங்கள் பல்கலைக்கழக நூலகம். முதல் தடவை உள்ளே போனபோது அந்த நீளமான ஹாலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். தாத்தாவுக்கு மில்லுக்கு சாப்பாடு கொண்டுபோனபோது நீங்களும் அம்மாவும் கேட்டுக்குள் எட்டிப்பார்த்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். நம்ம பக்கம் மில்லை மூடினால் மால் வருகிறது, இல்லாவிட்டால் அபார்ட்மென்ட். இங்கே நூல் நூற்ற இடத்தில் நூலை அடுக்கிவைத்துவிட்டார்கள். தீசிஸில் பாதியை அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன். இடம் பிடிக்க விடியற்காலையில் போய்க் கைக்குட்டை போடும் வேலை இல்லை.

திருவக்கரை கோயிலுக்குப் போனபோது பார்த்தோமே, கல்மரம், அது இங்கேயும் உண்டு. திருவக்கரையில் இருப்பது சுமார் 2 கோடி வருடம், இங்கே இருப்பது 29 கோடி. எரிமலைச் சாம்பல் மூடிக் கல்லாகிப் போன காடு. அதில் சில மரங்களை டீட்ஸ் என்ற பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் நடுக்கூடத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதே கட்டடத்தில்தான் ஊர் நூலகமும் இருக்கிறது. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டி, வீட்டு ஞாபகம் வந்து தொண்டையை அடைக்கும் நாட்களில் அங்கே போய் அந்த மரங்களுக்குக் கீழே உட்கார்ந்துவிடுவேன். டிக்கெட் இல்லை, எழுந்து போ என்று சொல்ல ஆளும் இல்லை. அழுதிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

மனுஷர்களைப் பற்றி. மியூனிக்கிலோ பெர்லினிலோ தப்புத்தப்பாக ஜெர்மன் பேசினால் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்களாம். இங்கே வயதானவர்களுக்குப் பள்ளியில் ரஷ்ய மொழிதான் சொல்லிக்கொடுத்தார்கள், மாறுவதற்கு வழியே இல்லை. அதனால் இங்கே வந்த ஆறே மாதத்தில் என் கீழ்வீட்டுப் பாட்டியிடம் ஜெர்மன் பேசக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் மாடிப்படியில் அவருடைய பையை வாங்கி, தூக்கி வரட்டுமா என்று கேட்டேன், "நூ" என்றார். நோ என்கிறார் என்று நினைத்து மரியாதையாகப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டேன். சாக்சனிப் பேச்சில் 'நூ' என்றால் ஆமாம்! அவர் அதை இன்றுவரை தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். தறி மெஷின் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர், 1990-க்குப் பிறகு ஆலை மூடி, பிள்ளைகள் மேற்கே வேலைக்குப் போய், தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கேக் சுட்டால் எனக்கு ஒரு துண்டு நிச்சயம்.

நீங்கள் கூகுளில் பார்த்திருப்பீர்கள், அதனால் மறைக்கவில்லை. 2018 ஆகஸ்டில் ஒரு கத்திக்குத்துக் கொலைக்குப் பிறகு தீவிர வலதுசாரிகள் தெருவில் இறங்கி வெளிநாட்டவர்களை மிரட்டியது உண்மை. ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு எதிராக நடந்த இலவச இசை நிகழ்ச்சிக்கு சுமார் 65,000 பேர் வந்ததும் உண்மை. எனக்கு இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை டிராமில் ஒரு குடிகாரன் கத்தினான், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். ஊர்வலம் என்று தெரிந்தால் அன்று சென்டர் பக்கம் போகமாட்டோம். பயமே இல்லை என்று சொன்னால் பொய். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, ஓர் அலுவலகத்தில் விசா நீட்டிப்புக்கு நாலு மாதம் அலைந்தேன்.

2025-இல் இந்த ஊர் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரங்களில் ஒன்றாக இருந்தது. அவர்கள் வைத்த வாசகமே, கண்ணில் படாததைப் பார் என்கிற மாதிரிதான். ஊரின் வெட்கத்தையே போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

பாப்பா வந்ததும் முதல் சனிக்கிழமை அவளை டிராமில் ஏற்றுவேன். எங்கள் காலேஜ் வாசலில் கிளம்பும் சில வண்டிகள் ஊருக்குள் தெருவில் டிராமாக ஓடி, அப்படியே ரயில் தண்டவாளத்தில் ஏறி எர்ட்ஸ்கெபிர்கே மலைக்குப் போய்விடும், இடையில் பெட்டி மாறவே வேண்டாம். டிசம்பரில் அந்த மலை ஊர்களில் ஒரு ஜன்னல் விடாமல் வளைவான மர விளக்கு எரியும். சுரங்கத்து இருட்டிலேயே பொழுதைக் கழித்தவர்களின் ஊர், வெளிச்சத்தின் அருமை தெரியும் என்பார்கள். கார்த்திகை தீபத்துக்கு நீங்கள் வாசலில் அகல் வரிசை வைப்பீர்களே, அந்த நினைப்பு வந்துவிட்டது எனக்கு.

பெட்டி கட்டும்போது அரிசி, புளி எல்லாம் வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது. நல்ல ஸ்வெட்டரும் இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். பருப்புப்பொடி மட்டும் கொஞ்சம் தாராளமாக வையுங்கள், காரம் குறைத்து. போன தடவை நீங்கள் கொடுத்ததில் பாதியைக் கீழ்வீட்டுப் பாட்டி பிரெட்டில் வெண்ணெய் தடவி அதன்மேல் தூவிச் சாப்பிட்டே தீர்த்துவிட்டார். இன்னும் வேண்டுமா என்று கேட்டதற்கு, "நூ".

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்