செல்வத்துக்கு: எஸ்.எம்.பி.எஸ் வாங்கும் முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடி எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது, அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் விடுதிக்குப் போய்விட்டாள், வீட்டில் சத்தமே இல்லை, அது இன்னும் பழகவில்லை. ரிப்பேர் வேலைக்கு மட்டும் குறைவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பையன் வீடியோ எடிட்டிங்குக்காக 200 வாட் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறான், கேபினட்டோடு வந்த பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸே (கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் அந்தப் பெட்டிதான்) தாங்குமா, இல்லையென்றால் 750 வாட் என்று பெரிதாகப் போட்டு பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அதை வாங்கிவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். இரண்டுமே வேண்டாம்டா. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அட்டைப்பெட்டியில் இருக்கும் 750 என்ற எண்ணை மறந்துவிடு. எஸ்.எம்.பி.எஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டம் கட்டமாகப் போட்டு ஒவ்வொன்றின் கீழேயும் எத்தனை ஆம்பியர் தரும் என்று எழுதியிருப்பார்கள். இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சக்தியை எடுப்பது 12 வோல்ட்டிலிருந்துதான், மற்ற இரண்டுக்கும் வேலை குறைவு. அதனால் 12 வோல்ட்டின் கீழே இருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பார். 62 ஆம்பியர் என்றால் 744 வாட், அது நிஜமான 750. 38 ஆம்பியர்தான் என்றால் 456 வாட், மீதியை 3.3, 5 வோல்ட் கணக்கில் ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 12 வோல்ட்டையே இரண்டு மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தால் அவற்றைக் கூட்டாதே, சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு என்று தனியாக ஒரு எண் இருக்கும், அதுதான் கணக்கு. அந்த எண்ணே இல்லாத லேபிள் என்றால் திருப்பிக் கொடுத்துவிடு.

உங்கள் மெஷினுக்கு எவ்வளவு தேவை என்று பார்ப்போம். 65 வாட் என்று போட்டிருக்கும் பிராசசர்கள் முழு வேகத்தில் ஓடும்போது 90, 120 என்று போகும், சிலது அதற்கும் மேலே. கார்டு 200. மதர்போர்டு, மெமரி, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 50 என்று வைத்துக்கொள். ஆக 370 வாட் பக்கம் வருகிறது. அப்படியானால் 450 போதுமே என்று நீ கேட்பாய். கார்டுகள் ஒரே சீராக இழுப்பதில்லை, கண் இமைக்கும் நேரத்தில் தன் அளவைத் தாண்டி எகிறி மறுபடி இறங்கும், அந்த நேரத்தில் தாங்க முடியாத எஸ்.எம்.பி.எஸ் மொத்தத்தையும் அணைத்துவிடும். எடிட் செய்த வீடியோவை முழுதாக உருவாக்க ரெண்டர் போட்டதும் மெஷின் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது, விண்டோஸ் கோளாறு என்று தூக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய பேர். 2022-இல் வந்த, கணினி எஸ்.எம்.பி.எஸ்களுக்கான ஏ.டி.எக்ஸ் 3.0 தரத்தில் இதற்காகவே ஒரு விதி சேர்த்தார்கள், புதிய 16 பின் கனெக்டர் உள்ள பெரிய எஸ்.எம்.பி.எஸ்கள் தன் அளவைப்போல இரண்டு மடங்கை ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்க வேண்டும் என்று. உனக்கு நல்ல 650 வாட் ஒன்று போதும், நாளைக்கு அவன் கார்டை மாற்றினாலும் இடம் இருக்கும். 1000 வாட்டெல்லாம் வீண்.

அப்புறம் அந்த 80 பிளஸ் முத்திரை. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்று போட்டிருப்பது எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. 300 வாட் தேவைப்படும்போது 90 சதவீதத் திறன் உள்ளது சுவரிலிருந்து 333 வாட் எடுக்கும், 80 சதவீதம் உள்ளது 375 எடுக்கும், அந்த 75 வாட்டும் பெட்டிக்குள்ளேயே சூடாக நிற்கும். அதனால் கோல்டு நல்லதுதான், ஃபேன் சத்தமும் குறையும். ஆனால் வோல்ட்டேஜ் எவ்வளவு சுத்தமாக வருகிறது, ஷார்ட் ஆனால் அணையுமா என்பதையெல்லாம் அந்தச் சோதனை பார்ப்பதில்லை. 12 வோல்ட்டில் ரிப்பிள், அதாவது வோல்ட்டேஜின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், 120 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஏ.டி.எக்ஸ் சொல்கிறது, நல்ல மாடல்களில் அதில் பாதிகூட வராது. ஆகவே பிராண்டை மட்டும் பார்த்து வாங்காமல், குறிப்பிட்ட அந்த மாடலைப் பிரித்துப் போட்டுச் சோதித்து எழுதியிருக்கிறார்களா என்று தேடு. பெரிய பெயர்கள் பலவும் வேறு தொழிற்சாலைகளில் செய்து வாங்கித் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டுகிறவைதான், ஒரே பிராண்டில் அருமையானதும் இருக்கும் சுமாரானதும் இருக்கும்.

போன வாரம் ஒரு மலிவு எஸ்.எம்.பி.எஸ் என் மேஜைக்கு வந்தது. தூக்கியதுமே தெரிந்தது, வெறும் டப்பா மாதிரி எடை. உள்ளே மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பி, ஒன்றின் மேல் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது, எல்லாமே 85 டிகிரி வெப்பம் வரைக்கான ரகம். நல்லவற்றில் 105 டிகிரி போடுவார்கள், 10 டிகிரி வெப்பம் குறைந்தால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. அந்த மனிதரின் மதர்போர்டும் கூடவே போய்விட்டது, அதுதான் எனக்கு ஆற்றாமை. நீ எதையும் திறந்து பார்க்காதே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். உத்தரவாதம் எத்தனை வருடம் என்று பார், 5 வருடத்துக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். 7, 10 தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரண கேபினட் என்றால் ஏ.டி.எக்ஸ் அளவு, 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், நீளம் மட்டும் 140-இலிருந்து கூடும், அதை அளந்துகொள். சின்னக் கேபினட் என்றால் எஸ்.எஃப்.எக்ஸ் என்ற சிறிய அளவு கேட்கலாம். கம்பெனி அசெம்பிள் செய்து விற்ற மெஷினாக இருந்தால் மதர்போர்டு கனெக்டரை முதலில் பார், சிலர் 24 பின்னுக்குப் பதில் தங்களுக்கென்று தனி வகை வைத்திருப்பார்கள்.

கேபிள் விஷயத்தில் பையனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு. பிராசசருக்குப் போகும் 8 பின் நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுக்குப் போவது ஆறும் இரண்டுமாகப் பிரியும், இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றை மற்றதில் அழுத்தித் திணிக்கக் கூடாது. கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள்களில் இன்னும் ஆபத்து உண்டு. எஸ்.எம்.பி.எஸ் பக்கம் எந்தப் பின்னில் என்ன வரும் என்பதற்குப் பொதுவான தரம் கிடையாது, பழையதின் கேபிளைப் புதியதில் மாட்டினால் கச்சிதமாகப் பொருந்திவிடும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் டிஸ்க் கருகிவிடும், அவன் எடுத்த வீடியோ எல்லாம் அதோடு போச்சு. பெட்டியோடு வந்த கேபிள் மட்டும்தான்.

வாங்குவதற்கு முன்னால் கேபினட் மாடல், மதர்போர்டு மாடல், நீ பார்த்து வைத்திருக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் லேபிள், மூன்றையும் படம் எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். அவசரப்பட்டு ஆர்டர் போட்டுவிடாதே. பையனின் முதல் வீடியோ முடிந்ததும் எனக்கு அனுப்பச் சொல்.

அன்புடன்,
ரவி