கண்ணாடி மாற்றினால் தீராத பார்வைக் குறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் பற்றிய உங்கள் கட்டுரை கை, கால், பேச்சோடு நின்றுவிட்டது. பார்வையை விட்டது பெரிய குறை. பக்கவாதம் வந்த சிலருக்குத் தட்டில் இடப்பக்கச் சோறு அப்படியே கிடக்கும், கதவு நிலையில் இடது தோள் இடிக்கும். வீட்டார் உடனே கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறார்கள். மூளையின் வலப்பக்கப் பார்வைப் பகுதி அடிபட்டால் இரண்டு கண்ணிலும் இடது பாதி மறைந்துவிடும். எந்தப் பவர் கண்ணாடியும் அதை மீட்டுத் தராது.

இன்னொரு வகையும் உண்டு. பார்வை இருந்தும் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதுக்கு எட்டாது. வெள்ளைத் தாளில் 20 செ.மீ. கோடு போட்டு நடுவைக் குறிக்கச் சொல்லுங்கள். இந்த வகையினரின் குறி வலப்பக்கம் நன்றாகத் தள்ளி விழும். பாதிப் பார்வை மட்டும் போனவர் நடுவிலோ சற்று இடப்பக்கமோ குறிப்பார். இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால், முழுச் சோதனையை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) விடுங்கள்.

தானாகத் திரும்பும் பார்வை பெரும்பாலும் முதல் 3 மாதங்களில் திரும்பிவிடும். பிறகு செய்யும் பயிற்சி, தெரியாத பக்கத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகப் பழக்குவதுதான். மேசையின் இட ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். ஒரே வீச்சில் கண் டேப்பைத் தொட வேண்டும், அங்கிருந்து வலமாகத் தேடி வர வேண்டும். அலமாரி டின்கள், பெரிய தாம்பாளத்தில் பரப்பிய பருப்பு என்று எதை வைத்தும் செய்யலாம். தலை மட்டும் திரும்பிக் கண் நடுவிலேயே நிற்பதுதான் வழக்கமான தவறு. குட்டிக் குட்டியாக நகர்ந்து பாதியில் திரும்பிவிடுவது அடுத்தது. படிக்கும்போதும் வரியின் தொடக்கத்தில் அதே டேப்தான்: சிவப்பு தெரியாமல் முதல் சொல்லை வாசிக்கக் கூடாது. கரிசனத்தில் எல்லாவற்றையும் வலப்பக்கமே எடுத்து வைத்தால் இந்தப் பழக்கம் வரவே வராது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள்.

டர்பனில் சாலையைக் கடப்பது தனிப் பாடம். இங்கே தென்னாப்பிரிக்காவில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் முதலில் வலமிருந்து வரும். இடப்பார்வை இழந்தவருக்கு அவை தெரியும். பாதிச் சாலை தாண்டியதும் டாக்சி இடமிருந்து வரும், ஆபத்து அங்கேதான். வலப்பார்வை இழந்தவருக்கோ முதல் அடியிலேயே. ஆகவே ரோபாட் (சிக்னல் விளக்கு) உள்ள இடத்தில் கடக்கட்டும், நடுவில் இன்னொரு முறை தலையும் கண்ணும் சேர்த்துத் திருப்பட்டும். ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோவில் கூட்டத்தில் துணைக்குப் போகிறவர் பார்வை இல்லாத பக்கம் நிற்பது நல்லது.

இரட்டையாகத் தெரிகிறவர்களுக்குக் கறுப்புத் துணியால் ஒரு கண்ணை முழுக்க மூடிவிடுகிறார்கள். அதனால் அந்தப் பக்கத்து ஓரப் பார்வையும் போய், நடை தடுமாறும். கண்ணாடியின் ஒரு வில்லையில், எங்கே இரட்டிக்கிறதோ அந்த இடத்தில் மட்டும், மங்கலான ஒளி ஊடுருவும் டேப் ஒட்டினால் பெரும்பாலும் போதும். அளவையும் இடத்தையும் கண் பரிசோதகர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கார் ஓட்டலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. இரு கண்ணும் உள்ளவரின் சாதாரண லைசென்ஸுக்கு ஒவ்வொரு கண்ணிலும் வெளிப்பக்கம் 70 டிகிரி பார்வை வேண்டும், ஒரு கண்ணில் அது குறைந்தால் இடமிருந்து வலம் மொத்தப் பார்வை 115 டிகிரியாவது வேண்டும் என்பது இந்நாட்டு விதி. பாதிப் பார்வை முழுக்கப் போனவருக்கு ஒரு கண்ணில் அந்த வெளிப்பக்கமே இருக்காது, மொத்தமும் 115 டிகிரியை எட்டாது. லைசென்ஸ் அட்டையில் தேதி மிச்சம் இருக்கிறது என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.