ஆமான் குழவி

அன்பு மகளுக்கு,

கொடைக்கானலில் மூன்று நாளாக விடாத சாரல். நேற்றுக் காலை நம் வேலிக்கு வெளியே காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஓர் இளங்கன்று. பெரியவற்றின் கருமை இன்னும் ஏறாத செம்பழுப்பு உடம்பு, துளி விழும்போதெல்லாம் தனித்தனியே அசைந்த அகன்ற காதுகள். ஐயூர் முடவன் பாடிய குறுந்தொகை 322ஆம் பாட்டு, 'அமர்க்கண் ஆமான் அஞ்செவிக் குழவி' என்று தொடங்கும். ஆமான் என்பது காட்டுமாடுதான், குழவி அதன் கன்று. அழகிய செவி என்றது அடி நிரப்புவதற்கு அன்று, கண்ணால் கண்டு சொன்னது என்பது நேற்றுத்தான் எனக்கு உறுதிப்பட்டது.

இரவில் என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். நாவல் வேலையை மூடிவைத்த பிறகு, விலங்குகள் வரும் சங்கப் பாட்டுகளை மட்டும் தேடிப் படிக்கிறேன். இதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. கல்லூரியில், விலங்குக் காட்சிக்குள் மனிதர் கதை மறைந்திருப்பதை உள்ளுறை என்று சொல்லி, குரங்கு யார், யானை யார் என்று பொருத்திக் காட்டப் பழக்கினார்கள். அது பிழையான வாசிப்பு அன்று. ஆனால் குறுந்தொகை 38ஆம் பாட்டில், மயில் பாறையில் இட்ட முட்டையை வெயிலாடும் முசுக்குரங்கின் குட்டி உருட்டுவதாகக் கபிலர் சொல்லும்போது, அது தலைவியின் நெஞ்சமோ வேறெதுவோ ஆவதற்கு முன், முட்டையாகவே பாறையில் உருள்கிறது. பேரிஜம் போகும் வழியில் கருமந்திகள் உச்சிக் கிளையில் வெயில் காய்வதைச் சிறுவயதில் நீயும் பார்த்திருக்கிறாய். 'வெயிலாடு முசு' என்ற இரண்டு சொல்லுக்குள் அந்த விடியற்குளிர் முழுவதும் இருக்கிறது.

என் நாவல்களில் நான் அப்படி எழுதவில்லை. நாயகி அழுதால் தெருநாய் ஊளையிட்டது. இப்போது எழுதுவதிலிருந்து அத்தகைய இரண்டு பக்கங்களைப் போன வாரம் அடித்துவிட்டேன்.

322இல், வேட்டுவர் எழுப்பிய அரவத்துக்கு வெருண்டு இனம் பிரிந்த கன்று ஒரு சிற்றூருக்குள் வந்துவிடுகிறது. இளையவர்கள் பேண, பழகி, விரும்பி, மனைவாழ்வில் தேர்ந்துவிடுகிறது. அதைச் சொல்லி, 'மருவின் இனியவும் உளவோ', பழகுவதைவிட இனியது உண்டோ என்று கேட்டுத் தோழியை அழைத்துக்கொண்டு தலைவி தலைவனிடம் புறப்படுகிறாள். யானைக் கன்றுக்கும் ஆவின் கன்றுக்கும் மனிதப் பிள்ளைக்கும் குழவி என்ற ஒரே பெயரைத் தருகிறது தொல்காப்பிய மரபியல். நீ டொராண்டோ சென்ற ஆண்டில், அந்தக் குழவியை நீயாகவே எண்ணி இப்பாட்டை எத்தனையோ இரவு படித்தேன். உன்னை அங்கே யாரோ பேணுகிறார்கள் என்று நம்ப அது துணைசெய்தது.

நேற்று வேறொன்று கண்ணில் பட்டது. பாட்டில் தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'இனந்தீர்ந்து' என்றதோடு கூட்டம் பின்னால் நின்றுவிடுகிறது. வேலியோரத்தில் கன்று பின்தங்கியபோது தாய் திரும்பி நின்றது. தாழ்ந்த குரலில் ஒருமுறை கூப்பிட்டது, கன்று வந்து சேரும்வரை கால் பெயர்க்கவில்லை. அதை, நானும் நீயும் உள்ளே நுழையாமல், மாடாகவே எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். நான்கு முறை எழுதியும் நாம் வந்துவிடுகிறோம். சரியாக அமைந்தால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா